வடக்கு அடுக்கின் வெள்ளை எலிகள்

1958 மார்ச் 3. எலிகள் 12. ஒட்டிய தோல் 11 நாள்.
1959 ஜூன் 22. எலிகள் 20. 11 நாள்.
1960 அக்டோபர் 10. எலிகள் 16. 12 நாள்.
1961 மே 8. எலிகள் 24. 11 நாள்.
1962 செப்டம்பர் 17. எலிகள் 24. 11 நாள்.
1963 மே 13. எலிகள் 18. 200 நாள். பிறகும் விழவில்லை.
1964 ஏப்ரல் 6. எலிகள் 40. விழவில்லை.
1966 பிப்ரவரி 7. எலிகள் 60. விழவில்லை.
1967 ஆகஸ்ட் 22. மனிதன் 1.

டாக்டர் எனிட் ஹோல்ராய்டின் பதிவேட்டில் ஒன்பது ஆண்டு உழைப்பின் சாரம் இந்த ஒன்பது வரிதான். யார்க்‌ஷரில் தார்ன்லி ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலோரத்து மேசையில், கறுப்பு அட்டை போட்ட அந்தப் பதிவேடு எப்போதும் மூடியே இருக்கும். பென்சிலால் அதில் அவர் எதையும் எழுதியதில்லை. எழுதியதை அடித்ததும் இல்லை. தப்பாக எழுதிவிட்டால் பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுவார்.

அவர் தேடியது ஒரே ஒரு விஷயத்தை. ஓர் உடம்பின் தோலை இன்னோர் உடம்பில் ஒட்டினால் அது பதினோராம் நாள் கறுத்துச் சுருங்கி உதிர்ந்துவிடுகிறது. சிறுநீரகமும் அப்படித்தான். உடம்பு அந்நியனை அடையாளம் கண்டு விரட்டுகிறது. விரட்டாமல் இருக்க அதற்குக் கற்றுக்கொடுக்க முடியுமா? கறுப்புச் சுண்டெலியின் மண்ணீரலை அரைத்து வடிகட்டிய சாற்றை, பிறந்த அன்றே வெள்ளைச் சுண்டெலிக்கு ஊசியில் ஏற்றினால், வளர்ந்த பிறகு அந்த வெள்ளை எலி கறுப்பு எலியின் தோலைத் தன்னுடையது என்று எண்ணிக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. ஐந்து ஆண்டு அந்த நம்பிக்கை பதினோராம், பன்னிரண்டாம் நாளில் தவறாமல் உதிர்ந்துகொண்டே இருந்தது. ஆறாம் ஆண்டு உதிரவில்லை. பிறகு வளர்ந்த எலிக்கே சாற்றை ஏற்றிப் பார்த்தார், அப்போதும் உதிரவில்லை.

எலிகளை வைத்திருந்த கூடத்தில் வெள்ளை எலிகளுக்கு இரண்டு அடுக்கு. வடக்குச் சுவரில் ஒன்று, தெற்குச் சுவரில் ஒன்று. இரண்டிலும் ஒரே குலத்து எலிகள். அண்ணன் தங்கையையே ஜோடி சேர்த்து நாற்பது தலைமுறைக்கு மேல் வளர்த்தவை, ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்க்க வேண்டாம். ஊசி போட்டவை வடக்கில் இருக்கும். ஊசி போடாமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்தவை தெற்கில் இருக்கும். ஊசி போட்டதும் போடாததும் கலந்துவிட்டால் எல்லாம் பாழ். ஆகவே எனிட் சுவரில் சிவப்புப் பெயின்டால் தம் கையாலேயே எழுதியிருந்தார்: "வடக்கு எலி தெற்கே போகாது. தெற்கு எலி வடக்கே வராது. மீறினால் வேலை போகும்." கீழே தேதி, கையெழுத்து.

அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் வில்ஃப் சக்டன். முப்பத்தோரு ஆண்டு சர்வீஸ். பழுப்பு நிறத்தில் பழைய கோட்டு, காதுவரை இறக்கிய துணித் தொப்பி. வீட்டிலும் அவருக்கு எலிதான். அந்தப் பக்கத்துச் சுரங்கக்காரர்களும் ஆலைக்காரர்களும் புறா வளர்ப்பதுபோல், நாய் வளர்ப்பதுபோல், அழகு எலி வளர்ப்பவர்கள் உண்டு. சங்கம் உண்டு, போட்டி உண்டு, நடுவர் உண்டு. நிறம் திட்டுத் திட்டாக இல்லாமல் சீராக இருக்கிறதா, காது துலிப் இதழ்போல் நிமிர்ந்திருக்கிறதா, வால் சாட்டைபோல் நீண்டிருக்கிறதா என்று பார்த்து மார்க் போடுவார்கள். வில்ஃபின் கொல்லைக் கொட்டகையில் நூற்றுநாற்பது எலி. சுவரில் பதினெட்டு ரோசெட், பரிசு வாங்கியவர்களுக்குத் தரும் ரிப்பன் பூ.

1967 ஜூனில் வில்ஃப் ஓய்வுபெற்றார். செப்டம்பர் 9, சனிக்கிழமை, கிர்க்பி மூர் கிராமத்து விவசாயக் கண்காட்சியில் எலிப் பிரிவுக்குப் பரிசு கொடுக்க வர வேண்டும் என்று எனிடைக் கேட்டுக்கொண்டார். எனிட் மறுக்கவில்லை. அந்த வாரம் அவருக்கு மனசு லேசாக இருந்தது.

காரணம் டெனிஸ் ஹார்க்கர். வயது முப்பத்தொன்று, பஸ் கண்டக்டர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அக்கா மேவிஸ் தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தாள். ஆகஸ்ட் 22-ஆம் தேதி நகரத்துப் பெரிய மருத்துவமனையில் அறுவை நிபுணர் மிஸ்டர் நெய்லர் அதை வைத்துத் தைத்தார். அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் பின்பும் ஆறு முறை, மேவிஸின் ரத்தத்திலிருந்து எனிட் தம் கையால் வடித்த சாறு டெனிஸுக்கு ஏற்றப்பட்டது. செப்டம்பர் 7, வியாழன் காலை முதல், உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை நெய்லர் நிறுத்திவிட்டார். அந்த மாத்திரைகள் சும்மா விடுவதில்லை. சளி பிடித்தாலே ஆளைக் கொன்றுவிடும். அவை இல்லாமல் ஒரு மனிதன், கூடப் பிறந்த ஒரே அச்சு இரட்டையர் அல்லாத வேறொருவர் சிறுநீரகத்தோடு வாழ்ந்தால், அதுதான் உலகத்தில் முதல் தடவை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எனிட் வார்டுக்குப் போன் செய்தபோது, முந்தைய நாள் கணக்கு 1,750 மில்லி சிறுநீர் என்றார்கள். அதை எழுதிக்கொண்டுதான் கண்காட்சிக்குக் கிளம்பினார்.

கூடாரத்துக்குள் ஈரப் புல்லும் டீயும் எலி மூத்திரமும் கலந்த வாடை. நீண்ட மேசைமேல் பச்சைப் பெயின்ட் அடித்த சின்னச் சின்னப் பெட்டிகள். நடுவர் ஒவ்வொரு எலியாக உள்ளங்கையில் எடுத்து, ஊதி, மயிரைப் பிரித்துப் பார்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். வில்ஃபின் வெள்ளைக் கடுவனுக்கு முதல் பரிசு. எனிட் கையில் வெள்ளிக் கோப்பை. அரைச் சாண் உயரம்.

இரண்டாம் பரிசு வாங்கிய பெர்சி டார்டாஃப் கசாப்புக் கடைக்காரர். சிவந்த முகம், பெரிய குரல்.

"கோப்பைய வில்ஃபுக்கு எதுக்குக் குடுக்கறீங்க டாக்டரம்மா? அரசாங்கத்துக்குக் குடுங்க. அரசாங்கச் சோறு தின்ன எலிதானே அது!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

வில்ஃப் தொப்பியைப் பின்னால் தள்ளினார். "பெர்சி, வாய அடக்கு."

"ஏன்டா, நா சொல்றது பொய்யா? முப்பது வருஷம் அந்த எலிக் கூடத்துல கெடந்த. தெனம் சாயந்தரம் கோட்டுப் பாக்கெட்டுல ரெண்டு ரெண்டாத் தூக்கிட்டு வந்திருப்ப. ஊருக்கே தெரியும்."

"நா தூக்கிட்டு வந்தவன் இல்லடா. குடுத்தவன்!" வில்ஃபின் குரல் உயர்ந்தது. "அவங்களோட வடக்கு அடுக்கு மொத்தமும் என் கொட்டக எலி. உலகமெல்லாம் பேப்பர்ல போடறானே, எரநூறு நாள் தோல் நின்ன எலின்னு, அது இந்தா இருக்கே, இவனோட தாத்தன் பாட்டிக்குப் பொறந்தது. கேட்டுப் பாரு டாக்டரம்மாவ."

பெர்சி எனிடைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

எனிட் முதலில் சிரித்தார். வில்ஃப் பெருமைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தார். சிரிப்பு முடிவதற்குள் அந்தச் சொற்கள் உள்ளே போய் எங்கோ இடித்தன.

"என்ன சொன்னீங்க வில்ஃப்?"

"உங்ககிட்ட சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன். அப்புறம் அது அப்படியே போயிருச்சு." அவர் முகத்தில் குற்றம் எதுவும் இல்லை. பரிசு வாங்கிய மனிதரின் மலர்ச்சிதான் இருந்தது. "அறுபத்திமூணு, அந்தப் பனி வருஷம். உங்க அம்மா செத்துப் போய் நீங்க விட்பி போயிருந்தீங்க. ரோடெல்லாம் மூடிப்போச்சு, பதினோரு நாள் வர முடியல. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ஜனவரி இருபத்திரெண்டு ராத்திரி வடக்குச் சுவர்ல சூட்டுக் குழா ஒறைஞ்சு வெடிச்சிருச்சு. காலைல போய்ப் பாக்கறேன், வடக்கு அடுக்கு முழுக்கக் கல்லு மாதிரி கெடக்கு. நூத்தியறுபத்திமூணு உருப்படி. ஒண்ணு மிச்சமில்ல. தெற்குப் பக்கம் பாய்லர் ஓரமா இருந்ததால தப்பிச்சது."

"தெற்குலேர்ந்து எடுத்து வச்சிருக்கலாமே!" எனிடின் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

வில்ஃப் கண்ணை அகல விரித்தார். "எப்படி வைக்கறது? சுவத்துல செவப்புல எழுதி வச்சிருக்கீங்களே! தெற்கு எலி வடக்கே வராதுன்னு. நா உங்க பேச்ச என்னிக்காவது மீறியிருக்கனா? அதான் வீட்டுலேர்ந்து கொண்டாந்தேன். பிஸ்கட் டின்னுல வைக்கோல் போட்டு, கோட்டுக்குள்ள வச்சு, நாலு மைல் பனியில நடந்து. இருபத்திரெண்டு எலி. நல்ல வெள்ளை. மத்ததெல்லாம் குளிர்ல போச்சு, இது தப்பிச்சதுன்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்க."

"வீட்டுல அந்த வெள்ளை எங்கேர்ந்து வந்தது?"

"உங்க கறுப்புப் பெட்டிலேர்ந்துதான்."

கூடாரத்தில் யாரோ டீக்கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது.

"அறுபத்தொண்ணுல கறுப்பு ஜோடி ஒண்ணு மூணு வெள்ளைக் குட்டி போட்டுச்சு. வேத்து நெறம் பொறந்தா அழிச்சிருங்கன்னு சொன்னீங்க. எனக்கு மனசு வரல. கறுப்புக்குப் பொறந்த வெள்ளைங்கறது வளக்கறவனுக்கு லாட்டரி மாதிரி. தொப்பிக்குள்ள வச்சு வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். ஆறு ஈடு குட்டி எடுத்தேன், ஒரு கறுப்பு கூட விழல. அச்சு அசலா வெள்ளை. வெள்ளைன்னா வெள்ளைதானே டாக்டரம்மா?"

எலிச் சங்கத்துக்கு அதுதான் சட்டம். கண்ணுக்குத் தெரிகிற நிறம்தான் குலம். ஆறு ஈடு நிறம் மாறாமல் வந்தால் அது அந்த ஜாதி, அவ்வளவுதான். அந்தக் கூடாரத்தில் இருந்த முப்பது பேரில் ஒருவர்கூட வில்ஃப் செய்ததில் தப்புக் கண்டிருக்க மாட்டார்.

எனிட் மட்டும் கண்டார். அவர் பெட்டிக்குள் இருந்த வெள்ளைக் கடுவனைப் பார்த்தார்.

வெள்ளை மயிர் போர்த்திய கறுப்பு எலிகள். நான்கு ஆண்டாக அவர் கறுப்பு எலியின் தோலைக் கறுப்பு எலிக்கே ஒட்டியிருக்கிறார். உதிராதுதான். ஏன் உதிரும்? ஊசி போட்டாலும் உதிராது, போடாவிட்டாலும் உதிராது. போடாததைத்தான் அவர் வடக்கு அடுக்கில் ஒருநாளும் சோதித்ததில்லை, ஒப்பிட எடுத்தவை எல்லாம் தெற்கில் இருந்தன. அவர் போட்ட சட்டம், அவர் கையால் எழுதிய எழுத்து. ஹாலந்திலிருந்து ஒரு ஆய்வகம் 1965-இல் எழுதியது நினைவுக்கு வந்தது: "எங்கள் எலிகளில் பன்னிரண்டாம் நாள் உதிர்ந்துவிட்டது." உங்கள் சாறு சரியாக வடிக்கப்படவில்லை என்று அவர் இரண்டு பக்கம் பதில் எழுதியிருந்தார். 1963 வசந்தத்தில் பதிவேட்டில் எழுதிய ஒரு வரியும் நினைவுக்கு வந்தது: "வடக்கு எலிகள் முன்னைவிட மிரளுகின்றன, கடிக்கின்றன. குளிரின் விளைவாக இருக்கலாம்."

இதெல்லாம் நினைவுக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுத்து வந்தது டெனிஸ் ஹார்க்கர். வியாழன், வெள்ளி, சனி. மூன்று காலை. மூன்று வேளை மாத்திரை போகவில்லை.

"வில்ஃப், இத எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"எழுதாம? எலி வம்சப் புத்தகத்துல எல்லாம் இருக்கு. தேதி வாரியா."

"உங்க வேன் எங்க?"

கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு எனிட் நடந்தார். பின்னால் பெர்சி "கோப்பைய யாருக்கும்மா?" என்று கேட்டது அவர் காதில் விழவில்லை.

கிராமத்துச் சிவப்புப் போன் கூண்டிலிருந்து மணி 3.35-க்கு நெய்லரின் வீட்டைப் பிடித்தார். விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் சிரிப்பு.

"எனிட், எலிக் கண்காட்சியில டீயில என்ன கலந்தாங்க?"

"மாத்திரைய இப்பவே குடுக்கச் சொல்லுங்க."

"எரநூறு நாளம்மா! பழுப்பு எலித் தோல ஒட்டிப் பாத்தீங்க, அது பதினோராம் நாள் விழுந்துச்சு. கறுப்பு மட்டும் நின்னுச்சு. அதான் ஆதாரம்னு நீங்கதானே எழுதினீங்க?"

"கறுப்பு எலி பழுப்புத் தோல உதறாம என்ன செய்யும்? அது கறுப்பு எலி. வெள்ளையா இருக்கற கறுப்பு எலி."

"ஒரு கெழவன் ஏதோ ஒளறினதுக்கு நா சிகிச்சைய மாத்த முடியாது. அவனுக்கு நேத்து ஆயிரத்தி எழுநூத்தியம்பது மில்லி. திங்கக்கெழம வாங்க, பேசுவோம்." போன் வைக்கப்பட்டது.

எனிட் வேனில் ஏறினார். முதலில் வில்ஃபின் வீடு, புத்தகம். பிறகு நகரம், பத்தொன்பது மைல். வழியெல்லாம் வைக்கோல் வாடை. வில்ஃபுக்கு எதுவோ தவறாகிவிட்டது என்று மெல்லப் புரியத் தொடங்கியிருந்தது.

"நா செஞ்சது தப்பா டாக்டரம்மா?"

எனிட் இரண்டு மைல் தாண்டிச் சொன்னார்.

"ஒருத்தரோட உயிர் இதுல தொங்குது வில்ஃப். வேகமாப் போங்க."

வண்டி நாற்பத்தைந்துக்கு மேல் போகாது. வில்ஃப் ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உடம்பை முன்னால் தள்ளி ஓட்டினார், அப்படிச் செய்தால் வேகம் கூடும் என்பதுபோல.

வார்டு சிஸ்டர் அசையவில்லை. மிஸ்டர் நெய்லர் வாயால் சொன்னால்தான் மாத்திரை. ஆனால் எனிடின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே நெய்லருக்குப் போன் செய்தார்: "நீங்க வர்ற வரைக்கும் இவங்க நகர மாட்டேங்கறாங்க சார். கூட ஒரு எலிக்காரரும் இருக்கார்." ஐந்தே முக்காலுக்கு நெய்லர் தோட்ட வேலைச் சட்டையோடு வந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது.

"எங்க அந்தப் புத்தகம்?"

வில்ஃப் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மெழுகுத் துணி சுற்றிய சிறிய புத்தகத்தை நீட்டினார். கொட்டை கொட்டையான எழுத்து. நெய்லர் நின்றபடியே படித்தார்.

"1961 ஜூலை 4. தார்ன்லி, கறுப்புப் பெட்டி 17. மூன்று வெள்ளை. ஆண் 1, பெண் 2. வீட்டுக்கு." பக்கம் புரண்டது. "1963 ஜனவரி 23. வெள்ளை 22, தார்ன்லி வடக்கு அடுக்குக்கு. பழைய அட்டைகளையே மாட்டினேன். ஒரு கஷ்டமும் இல்லை."

"இது நீங்க எழுதினதா?"

"ஆமாங்க ஐயா."

"அன்னிக்கே எழுதினதா?"

"அன்னிக்கு எழுதலன்னா அது ஏதுங்க வம்சப் புத்தகம்?"

நெய்லர் புத்தகத்தை மூடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தின் சிவப்பு கண்ணெதிரே வடிந்து, உதடு வெளுத்தது. பேயறைந்தவர்போல் எனிடைப் பார்த்தார். பிறகு திரும்பி, தணிந்த குரலில் சிஸ்டரிடம் இரண்டு மருந்தின் பெயரும் அளவும் சொன்னார். இரண்டு மடங்கு அளவு. மணி 6.02.

டெனிஸிடம் நானே சொல்கிறேன் என்று எனிட் சொன்னார். கட்டிலில் அவன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலியில், விலாவைப் பிடித்துக்கொண்டு மேவிஸ். எனிட் எதையும் மறைக்காமல் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

மேவிஸ்தான் முதலில் பேசினாள். "அப்ப எங்கிட்டேர்ந்து உறிஞ்சின ரத்தமெல்லாம்?"

"அதால பலன் உண்டுன்னு சொல்றதுக்கு எங்கிட்ட ஒரு ஆதாரமும் இல்ல."

"எலி மாறிப்போச்சுன்னு சொல்றீங்க." அவள் விலாவிலிருந்து கையை எடுத்தாள். "ஒரு எலிக்கும் இன்னொரு எலிக்கும் வித்தியாசம் தெரியாமயா என் தம்பி மேல கை வச்சீங்க?"

எனிட் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டெனிஸ் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தான். "பஸ்ல டிக்கெட் இல்லாம ஏறறவன நா பாதி வழியில எறக்கி விட்டிருக்கேன் டாக்டர். இப்ப என் கிட்னிய எறக்கி விடப் போறாங்களா?"

"தெரியல. மூணு நாள் தாமதமாயிருச்சு. இன்னும் பத்து நாள்ல தெரிஞ்சிரும்."

"சரி. தண்ணியக் குடு மேவிஸ்."

மறுநாளிலிருந்து எனிட் காலை ஏழு மணிக்கு வார்டுக்குப் போன் செய்தார். முந்தைய நாள் அளவை எழுதிக்கொண்டார். 9-ஆம் தேதி 1,700. 10-ஆம் தேதி 1,100. 11-ஆம் தேதி 620. 12-ஆம் தேதி 240. 13-ஆம் தேதி 190. 190 என்று கேட்டுப் போனை வைத்த பிறகு நாற்பது நிமிடம் நாற்காலியை விட்டு அவர் எழவில்லை.

திங்கட்கிழமையே வடக்கு அடுக்கில் இனப்பெருக்கத்துக்கென்று வைத்திருந்த, ஊசி போடாத பன்னிரண்டு எலிகளை எடுத்துக் கறுப்புத் தோல் ஒட்டியிருந்தார். ஒன்பது ஆண்டில் முதல் தடவையாக, அவை உதிர வேண்டும் என்று ஏங்கினார். உதிர்ந்தால் வில்ஃபின் புத்தகம் பொய், சாறு நிஜம், டெனிஸுக்கு அது காவல்.

வில்ஃப் வியாழக்கிழமை வந்தார். ஐந்து நாளில் பத்து வயது கூடியிருந்தது. கதவருகிலேயே நின்றார்.

"கொட்டகையில இருக்கற வெள்ளையெல்லாம் இன்னிக்கே முடிச்சிடறேன் டாக்டரம்மா. ஒண்ணு விடாம."

"ஒண்ணக்கூடத் தொடாதீங்க!" எனிட் எழுந்துவிட்டார். "நெறம் மட்டும் மாறி மத்ததெல்லாம் அப்படியே கறுப்பா இருக்கற எலி. இப்படி ஒண்ண உண்டாக்கணும்னா பத்து வருஷம் ஆகும். அது தப்பான எலி இல்ல வில்ஃப். தப்பான எடத்துல இருந்த எலி."

வில்ஃப் தொப்பியால் முகத்தைத் துடைத்தார். "அந்தப் பையன் எப்படி இருக்கான்?"

"நூத்தித் தொண்ணூறு."

எலி வளர்ப்பவருக்கு அந்த எண் புரியாது. எனிடின் குரல் புரிந்தது.

14-ஆம் தேதி 210. 15-ஆம் தேதி 480. 16-ஆம் தேதி 900. 17-ஆம் தேதி 1,350. போனில் சிஸ்டர் சொன்ன அந்தக் கடைசி எண்ணை எனிட் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் செய்தார். கேட்டபடியே எழுதி, பேனாவை மூட மறந்தார். மேசை விரிப்பில் மைக் கறை அப்படியே தங்கிவிட்டது.

22-ஆம் தேதி, வெள்ளி, பதினோராம் நாள். பன்னிரண்டு எலிகளின் கட்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். வெள்ளை முதுகுகளில் கறுப்புச் சதுரங்கள். மிருதுவாக, வெதுவெதுப்பாக, மயிர் முளைக்கத் தொடங்கி. பன்னிரண்டும் நின்றன. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் பன்னிரண்டாவது கட்டைப் பிரித்தபோது, யாரோ மார்பில் கை வைத்துத் தள்ளியதுபோல் அவர் ஓரடி பின்வாங்கி நின்றார்.

நிலையத்தின் இயக்குநர் நல்ல மனிதர். யோசனையும் சொன்னார்.

"எலிக்கூட ஊழியர் ஒருத்தரோட கவனக்குறைவுன்னு எழுதிடுங்க. அவரும் ஓய்வு வாங்கிட்டார். உங்க பேருக்கு அவ்வளவா அடி விழாது."

"அவர் கவனமாத்தான் இருந்தார். என் சட்டத்த மீறக் கூடாதுன்னு பனியில நாலு மைல் நடந்தார். ஊசி போட்டத ஒரு பக்கம், போடாதத ஒரு பக்கம்னு பிரிச்சது நான். எந்த எலிக்கு ஊசின்னு சீட்டுக் குலுக்கி எடுத்திருந்தா முதல் மாசமே தெரிஞ்சிருக்கும்."

ஆய்விதழுக்கு அனுப்பிய கடிதம் பதினான்கு வரி. மூன்று கட்டுரைகளையும் திரும்பப் பெறுவதாகவும், அடுக்குகளைப் பிரித்தது தம் தவறு என்றும் எழுதினார். வில்ஃபின் பெயர் அதில் இல்லை. ஹாலந்துக்குத் தனியாக ஒரு கடிதம்: "உங்கள் சாறு சரியாகத்தான் இருந்தது."

அதன் பிறகு பதினெட்டு ஆண்டு எனிட் வேலை பார்த்தார். பெரிய பெயர் எதுவும் வரவில்லை. சுவரில் இருந்த சிவப்பு எழுத்தைத் தாமே சுரண்டினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் வாலில் பொட்டளவு தோல் எடுத்து, அடுத்த பெட்டி எலியில் ஒட்டிப் பார்ப்பார். குலம் கலந்திருந்தால் அந்தப் பொட்டு உதிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். செய்முறையை ஒரே தாளில் தட்டச்சு செய்து, கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் அனுப்பினார். சுமார் இருநூற்றுமுப்பது தாள் போயிருக்கிறது. தாளோடு, கேட்டவர்களுக்கு ஒரு ஜோடி வெள்ளை எலியும் போகும். வில்ஃப்தான் பெட்டி கட்டுவார், 1974-இல் இறக்கும் வரை. மண்ணீரல் சாற்றை மட்டும் எனிட் பிறகு தொடவில்லை.

டெனிஸ் ஹார்க்கர் முகம் உப்பி, மாத்திரைகளோடு, 1968 மார்ச்சில் பஸ்ஸுக்குத் திரும்பினான். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 9-ஆம் தேதியையொட்டி அவனிடமிருந்து ஒரு கடிதம் வரும். கடிதம் என்றால் ஒரே வரிதான்: "இன்னும் ஓடுது டாக்டர். டெனிஸ்." எனிட் பதில் போடுவார். மேவிஸ் ஒருமுறையும் எழுதியதில்லை. பதினோரு ஆண்டு, பதினோரு கடிதம்.

பன்னிரண்டாவது உறை வேறு கையெழுத்தில் வந்தது. மேவிஸ் எழுதியிருந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"டாக்டர், அக்டோபர் 28-ஆம் தேதி சனிக்கிழமை நின்றுவிட்டது. அவனும் அன்றே. உங்களுக்குச் சொல்லச் சொன்னான். அந்தச் சனிக்கிழமை நான் உங்களிடம் கேட்டதை அப்புறம் பல தடவை நினைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வரை நீங்கள் காத்திருந்திருந்தால் எனக்கு இந்தப் பதினோரு வருஷம் கிடைத்திருக்காது. மேவிஸ்."

எனிட் கறுப்புப் பதிவேட்டை எடுத்தார். "1967 ஆகஸ்ட் 22. மனிதன் 1." என்ற வரிக்குப் பக்கத்தில் பதினோரு ஆண்டாக இடம் காலியாகவே இருந்தது. கணக்குப் போட்டார். லீப் ஆண்டு மூன்று. மறுபடி போட்டார். 4,085 நாள். அவர் கை ஒட்டிய எதுவும் அவ்வளவு நாள் நின்றதில்லை, இதை ஒட்டியதும் அவர் கை இல்லை. எண்ணை எழுதி, கையெழுத்திட்டு, வழக்கம்போல் கடிதம் வந்து சேர்ந்த தேதியைக் கீழே குறித்தார்.

1978 நவம்பர் 2, வியாழன்.